இமைக்காதக்காவும் இடது கண்களும்

கண் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லாருக்கும் அவள் இமைக்காதக்கா. வாசல் காவலாளியிடம் கேட்டாலும் சரி, சொட்டு மருந்து விடுகிற பெண்ணிடம் கேட்டாலும் சரி, "மாடிப்படிக்குப் பக்கத்து ரூம்ல இருப்பாங்க" என்று கை காட்டுவார்கள். "இமைக்காதீங்க, இமைக்காதீங்க, ஆச்சு, இப்ப இமைங்க" என்று ஒரு நாளைக்கு முந்நூறு தடவையாவது சொல்லுகிற வாய் அது. தூக்கத்திலும் சொல்லுவாள் என்று அவள் வீட்டுக்காரர் சத்தியம் செய்வார்.

"தூக்கத்துல யார் பேரையாவது சொன்னாலும் சண்டை போட ஒரு காரணம் கிடைக்கும். இமைக்காதீங்கன்னு சொன்னா நான் என்ன பண்றது? ராத்திரி முழுக்க முழிச்சுக்கிட்டே படுத்திருக்கேன்" என்பார். பூட்டு பழுது பார்ப்பதும் சாவி அறுப்பதும் அவருடைய தொழில். பேச்சுக்கு மட்டும் பூட்டே கிடையாது.

அவள் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். நோயாளிகள் முகவாயை வைக்கிற தட்டைத் துடைத்து வைக்கத்தான் அந்த அறைக்கு முதலில் வந்தாள். துடைத்துக்கொண்டே பார்த்தாள், பார்த்துக்கொண்டே கற்றாள். கண்ணைப் படம் எடுக்கிற மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தவர் வேறு ஊருக்குப் போனபோது, பெரிய டாக்டர் அவளைக் கூப்பிட்டு, "நீங்களே உட்காருங்கம்மா. நீங்க பண்றதைப் பாத்திருக்கேன்" என்றார். அன்றைக்கு உட்கார்ந்தவள், பதினோரு வருஷம் ஆகிவிட்டது. தினமும் மெஷினைப் போடுவதற்கு முன்னால் கண்ணை மூடி, "கடவுளே, என் கையால யாருக்கும் கெடுதல் வரக் கூடாது" என்று ஒரு வேண்டுதல். அதற்குப் பிறகுதான் முதல் ஆளைக் கூப்பிடுவாள்.

கண்புரை எடுக்கும்போது டாக்டர் கருவிழியின் ஓரத்தில், காதுப் பக்கமாக, ஒரு சின்னக் கீறல் போடுவார். பாதி அரிசி நீளம் இருக்கும், அவ்வளவுதான். அதன் வழியாகப் புரையை எடுத்துவிட்டுப் புது லென்ஸை உள்ளே வைப்பார்கள். தையல் போடுவதில்லை. கீறலைச் சாய்வாகப் போட்டால், கண்ணுக்குள் இருக்கிற நீரே உள்ளேயிருந்து தள்ளி அதன் வாயை மூடிவிடும். ஆண்டவன் படைப்பு அப்படி. நன்றாக மூடியிருக்கிறதா, எத்தனை நாளில் ஒட்டுகிறது என்பது வெளியிலிருந்து பார்த்தால் முழுசாகத் தெரியாது. அதைத்தான் அவள் மெஷின் காட்டும். கண்ணைத் தொடாமல் வெளிச்சத்தை மட்டும் அனுப்பி, கருவிழியைக் குறுக்கே அறுத்து வைத்தது போல ஒரு படம் தரும். கறுப்புத் திரையில் சாம்பல் நிற வில் ஒன்று. அந்த வில்லில் சாய்வாக ஒரு மெல்லிய கோடு. அந்தக் கோடுதான் கீறல். கோட்டின் உள்முனை சேர்ந்திருந்தால் நல்லது. அங்கே கறுப்பாக ஒரு குட்டி முக்கோணம் தெரிந்தால், உள்வாய் பிளந்திருக்கிறது என்று அர்த்தம்.

அறுவைக்கு மறுநாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள், தொண்ணூறாம் நாள் என்று ஒவ்வொரு கண்ணுக்கும் நாலு முறை படம். கீறல் ஆறுகிற விதத்தைப் பற்றி ஒரு பெரிய கட்டுரை எழுதுவதற்காகப் பெரிய டாக்டர் எட்டு மாதமாக அந்தப் படங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

வயதானவர்களுக்கு இமை தொங்கிப் போயிருக்கும். "பெரிசா முழிங்க" என்று அதட்டுவது அவளுக்கு வராது. ஒவ்வொரு ஆளுக்கும் கையைக் கழுவுவாள். ஈரம் துடைத்து, குளிர்ந்த விரல் பட்டால் திடுக்கிடுவார்களே என்று கட்டைவிரலை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, மேல் இமையைப் பூ மாதிரி தூக்கிப் பிடிப்பாள். "உங்க கை பட்டதே தெரியலையேம்மா" என்று வாழ்த்திவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர். அந்தக் கட்டைவிரலைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. மனிதப் பிறவிதானே.

இரண்டு மாதமாகப் பெரிய டாக்டரின் முகம் சரியில்லை. படங்களைப் பிரித்து வைத்துப் பார்த்தபோது அவருக்கு ஒன்று புலப்பட்டிருந்தது. வலது கண்களில் கீறல் அழகாக மூடுகிறது. இடது கண்களில் பாதிக்கு மேல் உள்வாய் பிளந்து நிற்கிறது. ஒரே டாக்டர், ஒரே கத்தி, ஒரே மருந்து. வித்தியாசம் எங்கே இருக்க முடியும்? தன் கையில்தான் என்று முடிவு செய்துவிட்டார். இடது கண்ணுக்கு உட்காரும் பக்கம் வேறு, கத்தி பிடிக்கும் கோணம் வேறு. வயதாகி அந்தக் கோணத்தில் கை தவறுகிறது போலிருக்கிறது என்று நினைத்தார்.

ஒருநாள் அவள் படங்களைக் கொண்டு போய் வைத்தபோது, தன் கைகளை மேஜைமேல் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதப் பாருங்கம்மா, நடுங்குதா?"

"இல்ல சார். ஆடாம அசையாமல்ல இருக்கு."

"உங்க படம் வேற சொல்லுதே. படம் பொய் சொல்லுமா?"

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து இடது கண்களைத் தொடப்போவதில்லை, வேறு டாக்டரிடம் கொடுத்துவிடப் போகிறேன் என்று அவர் சொன்னார். முப்பது வருஷம் கத்தி பிடித்த மனிதர்.

பிளவு அதிகமாகத் தெரிந்த நாலு பேருக்கு, கிருமி உள்ளே போய்விடக் கூடாதே என்ற பயத்தில், மறுபடியும் படுக்க வைத்து ஒரு தையல் போட்டிருந்தார். அந்த நாலு பேரில் ஒருத்தி அவளுடைய நாத்தனார். வீட்டுக்காரரின் அக்கா. அவர்கள் வீட்டோடு இருப்பவள். அறுவை முடிந்த ஏழாம் நாள் இமைக்காதக்காதான் படம் எடுத்தாள், அவள்தான் முக்கோணத்தைக் கண்டாள், தையலுக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போனவளும் அவளே. ஆறு வாரமாக அந்தத் தையல் நாத்தனாரின் கண்ணில் நெருஞ்சி முள்ளாய் உறுத்திக்கொண்டிருந்தது. அதைவிடப் பெரிய மாற்றம், ஊர் வாய்க்கே மூடி போடுகிற நாத்தனார் பேச்சையே குறைத்துவிட்டாள். இரண்டு வேளை பிரார்த்தனையை நாலு வேளை ஆக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். வலியினால் என்று வீட்டில் நினைத்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஒரு பஸ் டிரைவர் வந்தார். முந்தின நாள் இடது கண்ணில் அறுவை. முறுக்கு மீசை, தொண்டையில் எப்போதும் இஞ்சின் ஓடுகிற குரல்.

"ஒரு மாசத்துல ஸ்டியரிங்கைப் பிடிச்சிடுவேன்ல?"

"முகவாயை இதுல வைங்க, நெத்தியை ஒட்டுங்க. கடவுள் புண்ணியத்துல பிடிப்பீங்க. இமைக்காதீங்க."

அவள் விரல் இமையில் பட்டதும் அவர் நாற்காலியே நகரும்படி பின்னால் சாய்ந்தார்.

"கண்ணுகிட்ட கை வந்தாலே எனக்கு ஆகாதும்மா! கல்யாணத்துல பொண்டாட்டி மை வைக்க வந்தப்பவே ஓடினவன் நான்."

"ஓட்டுற வேலைக்கு ஏத்த ஆளுதான். ஒரு நொடி பொறுத்துக்குங்கண்ணே."

ஒரு வழியாகப் படம் எடுத்தாள். முக்கோணம். பெரிதாகவே இருந்தது. படத்தை மேஜையில் வைத்தபோது பெரிய டாக்டர் வெகுநேரம் பார்த்தார். டிரைவரை அழைத்து விளக்கின் முன் உட்கார வைத்து, மஞ்சள் சாயம் விட்டு நீர் கசிகிறதா என்று சோதித்தார். கசியவில்லை. இருந்தாலும் தலையை ஆட்டி, "மதியம் ஒரு தையல் போட்டுடலாம். நம்ம சந்தேகத்துக்கு அவர் கண்ணைப் பணயம் வைக்க முடியாது" என்றார். குரலில் உயிரே இல்லை.

டிரைவர் வெளிநடையில் பெஞ்சில் உட்கார்ந்தார். மீசை தொங்கிவிட்டது. "தையல்னா லைசென்ஸுக்கு லேட்டாகுமாம்மா?" என்று போகிற வருகிற எல்லாரையும் கேட்டார்.

தையலுக்கு முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம் எடுப்பது அவர்கள் வழக்கம். மதியம் பன்னிரண்டு மணிக்கு அவரை மறுபடி உள்ளே கூப்பிட்டாள். கை கழுவி, விரலைச் சூடாக்கிக்கொண்டு வந்தால், அவர் இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் நீட்டினார்.

"தாயே, தொட வேணாம். ராத்திரி முழுக்க மலை ரோட்ல கண்ணைச் சிமிட்டாம வண்டி ஓட்டியிருக்கேன். நானே முழிக்கிறேன், நீங்க எடுங்க."

சொன்னபடியே முழித்தார். இரண்டு உருண்டைக் கண்ணும் வெளியே வந்துவிடும் போல. அவளுக்குச் சிரிப்பு வந்தது. எடுத்தாள்.

திரையைப் பார்த்தவளின் சிரிப்பு அப்படியே நின்றது. முக்கோணம் இல்லை. கோடு உள்முனை வரைக்கும் சேர்ந்து, ஊசி கூட நுழையாதபடி மூடியிருந்தது. வேறு யாருடைய படமோ என்று பெயரைப் பார்த்தாள். இன்னொன்று எடுத்தாள், மற்றொன்றும் எடுத்தாள். மூன்றிலும் மூடியே இருந்தது. காலை ஒன்பது மணிக்குப் பிளந்திருந்த வாய் மூன்று மணி நேரத்தில் ஒட்டிக்கொள்ளுமா?

"என்னம்மா, முழி பத்தலையா?"

"போதும்ணே. கொஞ்சம் வெளிய உட்காருங்க."

படத்தின் மூலையில் மெஷின் தானாகவே ஒரு குட்டிப் புகைப்படம் எடுத்து வைக்கும். எந்த இடத்தில் வெட்டிப் பார்த்தது என்பதற்கு அடையாளமாக முழுக் கண்ணும் அதில் தெரியும். அதை யாரும் கவனிப்பதில்லை. அவள் காலைப் படத்தின் குட்டிப் புகைப்படத்தைப் பெரிதாக்கினாள். டிரைவரின் கண் இருந்தது. அதன் வெளி ஓரத்தில், கீறலுக்கு மேலேயே, அவளுடைய கட்டைவிரல் சாய்ந்து படுத்திருந்தது.

பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். வலது கண்களில் விரல் மேலே, புருவ எலும்பின்மேல் இருந்தது. இடது கண்களில் கீழே இறங்கி, விழியின் ஓரத்தில். ஏன் என்பதும் உட்கார்ந்த இடத்திலேயே புரிந்தது. அவள் வலது கை எப்போதும் மெஷினின் கைப்பிடியில். இமை பிடிப்பது இடது கை. எதிரே உட்கார்ந்திருப்பவரின் வலது கண் அவள் இடது கைக்கு நேராக இருக்கிறது. இடது கண்ணுக்கு அதே கையை மெஷினைச் சுற்றிக் குறுக்கே நீட்ட வேண்டும். எட்டாத கை எதன் மேலாவது ஊன்றத்தானே செய்யும்? அது விழியின்மேல் ஊன்றியிருக்கிறது. புதுக் கீறலின் ஓரத்தை அழுத்தினால் அதன் வாய் பிளக்காமல் என்ன செய்யும்? விரலை எடுத்ததும் மூடிக்கொள்ளும். படத்தில் மட்டும் பிளந்தபடியே நிற்கும். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அவளுக்குத் தன் விரலே தெரியவில்லை.

நாலு பேர். நாலு பேரை வீணாகப் படுக்க வைத்துத் தைத்தாகிவிட்டது.

அப்போது மனசு ஒரு வழி காட்டியது. மனசு இருக்கிறதே, அதைப் போல ஒரு தரகன் கிடையாது. "காலைப் படத்தை அழிச்சிடு. மதியப் படத்தைக் கொடு, தானா மூடிக்கிச்சுன்னு டாக்டர் நினைச்சுக்குவார். டிரைவர் பிழைச்சார். இனிமேல் இடது கண்ணுக்கு வலது கையால பிடி. நாளைலேருந்து இடது கண்ணெல்லாம் தானா நல்லாயிடும். டாக்டரும் சந்தோஷப்படுவார். யாருக்கும் எதுவும் தெரியாது" என்றது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. அவள் கையும் கணினியின் மவுஸ்மேல் போனது. ஆனால் திங்கட்கிழமை? அந்த மனிதர் இல்லாத நடுக்கத்துக்காகத் தன் கையைத் தானே கட்டிப் போடப் போகிறாரே. எட்டு மாதப் பொய் கட்டுரையாக அச்சேறி எங்கெங்கோ உள்ள டாக்டர்கள் அதை நம்பப் போகிறார்களே. காலையில் கடவுளிடம் கேட்டது நினைவுக்கு வந்தது. கெடுதல் வரக் கூடாது என்று கேட்டாள். வந்துவிட்டது. வந்த பிறகு மறைப்பதற்கும் அவனிடமே போய் நிற்க முடியுமா?

இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு போனாள். கதவைத் தட்டியபோதே அழுகை வந்துவிட்டது.

"சார், உங்க கை நல்லா இருக்கு. என் விரல்தான் சார்."

அவருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அவள் படங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, குட்டிப் புகைப்படத்தைக் காட்டி, கையை எப்படி நீட்டுவாள் என்று காற்றில் நீட்டிக் காட்டினாள். அவர் எழுந்து அவள் அறைக்கு வந்தார். நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து, முகவாயைத் தட்டில் வைத்தார்.

"பிடிங்க. எப்பவும் பிடிக்கிற மாதிரியே பிடிக்கணும்."

வலது இமையைப் பிடித்தாள். "இது சரி." இடதைப் பிடித்தாள். அவர் உடனே சொன்னார்: "அழுத்துது."

"எனக்குத் தெரியவே இல்லையே சார்."

"எனக்கே உட்கார்ந்து பாத்தப்புறம்தான் தெரியுது. அதுவும் நான் கண் டாக்டர்ங்கறதால. மத்தவங்களுக்கு இதமாத்தான் இருந்திருக்கும்."

முகவாயை எடுக்காமலே அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். திட்டப் போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று மெஷின் மறைத்ததில் தெரியவில்லை.

"ரெண்டு மாசமா வீட்டுல காய் நறுக்கக் கூடக் கத்தியை எடுக்கலைம்மா நான்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "உங்களை மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. சாயம் விட்டப்போ ஒரு கண்ணுலயும் நீர் கசியலை. கண்ணு சொன்னதை விட்டுட்டு, படம் சொன்னதைக் கேட்டேன். பாதித் தப்பு எனக்கு."

"எழுதுற கட்டுரை சார்?"

"இடது கண்ணோட முதல் நாள் படமெல்லாம் போச்சு. முதல் நாள் திரும்பியா வரும்? மறுபடியும் ஆரம்பிக்கணும்." அதைச் சொல்லும்போது குரலில் வலி இருந்தது, மறைக்கவில்லை. "அந்த நாலு பேரையும் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லணும். தையலை எடுத்துட்டு, நடந்ததை நானே சொல்றேன்."

"மூணு பேருக்கு நீங்க சொல்லுங்க சார். ஒருத்தருக்கு நான் சொல்லணும்."

டிரைவரைக் கூப்பிட்டுத் தையல் வேண்டாம் என்றதும் அவர் மீசை மறுபடி எழுந்து நின்றது. "நான் அப்பவே சொன்னேன்ல, தொடாதீங்கன்னு!" என்று நடை முழுக்க முழங்கிக்கொண்டு போனார். அவர் விளையாட்டாய்ச் சொன்னது அவளுக்குச் சுரீரென்று பட்டது.

வீட்டுக்குப் போனதும் கை கால் கழுவிக்கொண்டு நாத்தனார் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். பூட்டுக்காரர் ஒரு பழைய பூட்டின் வயிற்றைக் கிழித்து வைத்துக்கொண்டு மூலையில் இருந்தார்.

"அண்ணி, உங்க கண்ணு பிளக்கவே இல்ல. நான் படம் எடுக்கறப்ப என் விரல் அழுத்தி அப்படித் தெரிஞ்சிருக்கு. தையலே தேவையில்ல. என் தப்பு. மன்னிச்சிடுங்க."

பூட்டுக்காரர் கையிலிருந்து ஸ்பிரிங் ஒன்று தெறித்து ஓடியது. அவர் தேடவில்லை.

"ஆறு வாரம்" என்றாள் நாத்தனார். "ஆறு வாரமா கண்ணுல முள்ளைச் சுமந்துக்கிட்டு இருக்கேன். பூ மாதிரி விரல், பூ மாதிரி விரல்னு ஊரெல்லாம் சொல்லிச்சு. இதுவா பூ? உலக்கை!"

"ஆமா அண்ணி."

"ஆமாவாம், ஆமா!"

திட்டட்டும் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த வசவு வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால், நாத்தனாரின் உதடு துடித்துக்கொண்டிருந்தது.

"அப்போ... நான் தலைக்குக் குளிச்சதால பிளக்கலையா?"

"எப்போ குளிச்சீங்க?"

"ஆபரேஷன் ஆன மூணாம் நாள். அரிப்பு தாங்கலடி. தலைல தண்ணி படவே கூடாதுன்னு நீ அவ்வளவு சொல்லியிருந்த. நீ வேலைக்குப் போனதும் கதவைச் சாத்திக்கிட்டு நாலு சொம்பு ஊத்திக்கிட்டேன். ஏழாம் நாள் படத்துல வாய் பிளந்திருக்குன்னு சொன்னதும், என் பொல்லாத குணத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனைன்னு நினைச்சேன். உங்கிட்ட சொல்லவும் வெக்கம். அவன்கிட்டயே அழுது அழுது மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருந்தேன். கண்ணு போயிடும்னே முடிவு பண்ணிட்டேன்."

அவள் நாத்தனாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "குளிச்சது தப்புதான் அண்ணி. ஆனா கண்ணு ஒண்ணும் ஆகல. நல்லா ஒட்டியிருக்கு. செவ்வாய்க்கிழமை தையலை எடுத்திடுவாங்க. நானே கூட்டிக்கிட்டுப் போறேன்."

"அந்தக் கடவுள் என்ன நினைச்சிருப்பான்! செய்யாத குத்தத்துக்கு ஒருத்தி தினம் நாலு வேளை மன்னிப்புக் கேக்கறாளேன்னு காதைப் பொத்தியிருப்பான்" என்றாள் நாத்தனார். மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டாள். ஆறு வாரத்துக்குப் பிறகு அந்த வீட்டில் பழைய குரல் கேட்டது.

"எங்கடி, அந்த விரலைக் காட்டு."

அவள் இடது கையை நீட்டினாள். நாத்தனார் தன் வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, தைத்த இடது கண்ணை மட்டும் திறந்து, கட்டைவிரலை வெளிச்சத்துப் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இத்தனை நாளும் பயந்துகொண்டு அந்தக் கண்ணால் எதையுமே உற்றுப் பார்க்காதவள்.

"ரேகை ஒவ்வொண்ணும் தெரியுது" என்றாள் மெதுவாக. "நகத்தடியில வெள்ளைப் புள்ளி கூட."

மூலையிலிருந்து பூட்டுக்காரர், "அப்படின்னா அக்கா, இங்க வந்து அந்த ஸ்பிரிங் எங்க விழுந்துச்சுன்னு கொஞ்சம் பாரேன்" என்றார்.

நாத்தனார் கையை ஊன்றி எழுந்து, ஒற்றைக் கண்ணைப் பொத்தியபடியே, தரையைத் தேடப் போனாள்.